மலையில் ஏழு நாள்: உணவு உரிமை முகாம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) அணியின் ஏழு நாள் சிறப்பு முகாம் இந்த முறை திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நடக்கிறது. எடுத்துக்கொண்ட பொருள் உணவு உரிமை. அறிவிப்பு ஒட்டியதிலிருந்து மாணவர்களும் பெற்றோரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கேள்விகளை முடிந்தவரை கேட்ட மாதிரியே இங்கே வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். நான் இந்த அணியின் திட்ட அலுவலர்.

உணவு உரிமை முகாம் என்றால் ஊருக்கு அன்னதானம் போடப் போகிறோமா, சார்?

இல்லை. ஒரு மூட்டை அரிசிகூட நாம் கொண்டு போகப்போவதில்லை. அந்த ஊருக்கு என்று ஏற்கெனவே ஒதுக்கிய அரிசி, பருப்பு, முட்டை, சத்துமாவு எல்லாம் மாதாமாதம் மலை ஏறுகின்றன. அவை எந்த வீட்டுக்குப் போய்ச் சேருகின்றன, எந்த வீட்டுக்குச் சேரவில்லை, சேராததற்கு என்ன காரணம் என்று பார்ப்பதுதான் வேலை. காரணம் ஒரு விண்ணப்பத்தில் தீரக்கூடியது என்றால், அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம்.

கொஞ்சம் பின்கதை சொல்கிறேன். 2001-ல் ராஜஸ்தானில் வறட்சி. மக்கள் பட்டினி கிடக்க, இந்திய உணவுக் கழகக் கிடங்குகளில் தானியம் குவிந்து கிடந்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. உணவு பெறுவது வாழ்வுரிமையில் அடங்கும் என்பது அவர்கள் வாதம். அந்த வழக்கில் 2001 நவம்பர் 28-ல் வந்த இடைக்கால உத்தரவுதான் நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு போட வேண்டும் என்று சொன்னது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2013-ல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தமிழ்நாடு அந்தச் சட்டத்துக்குள் வந்தது 2016 நவம்பரில்.

ஆகவே ரேஷன் கடையில் அரிசி வாங்கும் பாட்டி யாரிடமும் கை நீட்டி நிற்கவில்லை. தனக்குச் சட்டப்படி சேர வேண்டியதை வாங்குகிறார். முகாமுக்கு வருகிறவர்கள் இந்த ஒன்றை மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்தால் போதும், மற்றதெல்லாம் அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில்தான் எல்லாருக்கும் அரிசி இலவசமாச்சே? இங்கே போய் என்ன பெரிதாகக் கண்டுபிடிக்கப் போகிறோம்?

இதைத்தான் பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் நம் நிலை எவ்வளவோ மேல், அதில் சந்தேகமே இல்லை. சென்னை மாநகராட்சி 1920-லேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டுப் பார்த்தது. 1956-ல் காமராஜர் ஆட்சியில் அது மாநிலத் திட்டம் ஆனது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெரிதாக்கினார். 1989-ல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. அரிசி அட்டைக்காரர்களுக்கு 2011 ஜூன் முதல் அரிசிக்கு விலையே இல்லை. வேறு பல மாநிலங்களில் முன்னுரிமைக் குடும்பம் என்று பட்டியலில் இடம்பெற்றால்தான் தானியம். இங்கே அப்படி வடிகட்டாததால் விடுபட்டுப் போகிறவர்கள் குறைவு.

சரி, அப்படியிருந்தும் ஏன் போகிறோம்?

முதல் காரணம், அரிசி வயிற்றை நிரப்பும். உடம்புக்கு வேண்டியதையெல்லாம் அது கொடுக்காது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லை. ரேஷன் நன்றாக நடக்கும் மாநிலத்தின் கணக்கே இது.

இரண்டாவது, அட்டை வகை. எல்லாருக்கும் அரிசி கிடைக்கிறபோது அட்டையில் என்ன எழுத்து இருந்தால் என்ன என்று நினைப்போம். எடுத்துப் பாருங்கள், உங்கள் வீட்டு ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச். என்றோ என்.பி.எச்.எச். என்றோ இருக்கும். முதலாவது முன்னுரிமைக் குடும்பம், மத்தியச் சட்டத்துக்குள் வருவது. இரண்டாவது முன்னுரிமையற்றது, மாநில அரசு தன் செலவில் கொடுப்பது. மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டை என்றால் பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்று இருக்கும், அதற்கு மாதம் 35 கிலோ. என்.பி.எச்.எச். அட்டைக்கு எத்தனை பேர் இருந்தாலும் 20 கிலோவுக்கு மேல் கிடையாது. பி.எச்.எச். என்றால் தலைக்கு 5 கிலோ. ஏழு பேர் உள்ள வீட்டுக்கு எழுத்து மாறினால் எவ்வளவு வித்தியாசம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வித்தியாசம் அதோடு நிற்பதில்லை. மலையில் நிறையக் குடும்பங்கள் ஆண்டில் சில மாதம் கீழே இறங்கிவிடுகின்றன. திருப்பூர் பனியன் கம்பெனி, கேரளத்திலும் கர்நாடகத்திலும் காபி, மிளகுத் தோட்டம், கரும்பு வெட்டு என்று எங்கே கூலி கிடைக்கிறதோ அங்கே. தமிழ்நாட்டுக்குள் என்றால் கைரேகை வைத்து எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம். மாநிலம் தாண்டினால், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் மத்தியச் சட்டத்துக்குள் வரும் அட்டைதான் செல்லும். என்.பி.எச்.எச். அட்டையைக் கர்நாடகத்தின் குடகு பக்கம் ஒரு கடையில் நீட்டினால் ஒன்றும் நடக்காது. மிகவும் ஏழையான ஒரு குடும்பத்தின் அட்டையில் அந்த 'என்' என்ற எழுத்து எப்படி வந்தது, அதை மாற்ற யாரிடம் மனுக் கொடுப்பது என்பதெல்லாம் அங்கே யாருக்கும் யாரும் சொன்னதில்லை. நமக்கு வேலை இருப்பது இந்த மாதிரி இடங்களில்தான்.

மூன்றாவது, பெயர் சேராத குழந்தைகள். வீட்டில் பிறந்த குழந்தைக்குப் பல நேரம் பிறப்புச் சான்றிதழ் இருக்காது. அது இல்லாமல் ஆதார் எடுப்பதும் சிரமம், அட்டையில் பெயர் ஏற்றுவதும் சிரமம். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் கதை வேறு. பெண்ணின் பெயர் அம்மா வீட்டு அட்டையிலிருந்து நீங்கியிருக்கும், புது அட்டையோ வந்திருக்காது.

நான்காவது, தூரம். சிற்றூர்கள் மலையில் சிதறிக் கிடக்கின்றன. கடை இருப்பது பெரிய ஊரில். 20 கிலோவைத் தலையில் வைத்து ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். போன அன்றைக்குப் பருப்பும் பாமாயிலும் வந்திருக்காவிட்டால் இன்னொரு நடை, ஒரு நாள் கூலி போச்சு. கிலோ 30 ரூபாய்ப் பருப்புக்காக அதைவிடப் பல மடங்கு கூலியை விட யார் வருவார்கள்? நகரும் நியாயவிலைக் கடைகள் 2020-ல் வந்தன. 2025 ஆகஸ்டில் முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே பொருள் கொண்டு போகும் திட்டம் தொடங்கியது. வண்டி போகும் சாலை வரை இவை நல்ல ஏற்பாடுகள். சாலை முடிகிற இடத்துக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று நாம் போய்ப் பார்ப்போம்.

ஏன் ஜவ்வாது மலை? நம் ஊர்ப் பக்கத்திலேயே ஏழைகள் இல்லையா?

இருக்கிறார்கள். ஆண்டு முழுக்க நம் அணி வேலை செய்வது அங்கேதான். ஏழு நாள் தங்கும் முகாமுக்கு மலையைத் தேர்ந்ததற்குக் காரணம், அங்கே உணவுச் சங்கிலி முழுவதையும் நடந்தே பார்த்துவிடலாம். நிலம், சாமைக் காடு, ரேஷன் கடை, அங்கன்வாடி, பள்ளிச் சமையலறை, கீழே வேலைக்குப் போகும் பேருந்து நிறுத்தம் எல்லாம் ஒரே பாதையில் வரும்.

அங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுவிட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். அவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை.

கூலி தேடிப் போவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு கசப்பான உதாரணமும் இந்த மலையில் உண்டு. 2015 ஏப்ரல் 7-ல் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி 20 தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் இந்த மலையையும் இதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். ஊரில் இதைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம். அவர்கள் சொன்னால் கேளுங்கள்.

சாமை விளையும் ஊரில் எதற்கு ரேஷன் அரிசி? பாரம்பரிய உணவுக்குத் திரும்பச் சொல்லலாமே?

சொல்லலாம், ஆனால் சொல்வதற்கு முன் ஒரு வேளை சாமையைக் குத்திப் பாருங்கள். முகாமின் மூன்றாம் நாள் அதற்குத்தான் வைத்திருக்கிறோம்.

ஜவ்வாது மலைச் சாமைக்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் அந்தத் தானியத்தின் உமியை நீக்குவது லேசான வேலை இல்லை. உரலில் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளைக்குத் தேறும் அளவு எடுப்பதற்குள் தோள் விட்டுப்போகும். அத்தனையும் பெண்கள் செய்த வேலை. விலையில்லா அரிசி வந்தபோது அவர்கள் உலக்கையைக் கீழே வைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் ஆசை வேறு. ஒரு காலத்தில் நெல்லுச் சோறு பண்டிகைக்கு மட்டும்தான். அது தினமும் கிடைக்கும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

இன்றைக்கு விளைந்த சாமையில் பெரும்பங்கு உமியோடு வியாபாரியிடம் போகிறது. கீழே ஆலையில் தீட்டி, பையில் அடைத்து, ஆர்கானிக் என்று அச்சிட்டு, நகரத்துக் கடைகளில் சர்க்கரை நோய்க்காரர்களுக்காக விற்கிறது. விலையில் ஏறுகிற பங்கு மலைக்குத் திரும்பி வருவதில்லை. உணவு நீதி என்று பேசினால் என் கண்ணுக்கு முதலில் தெரிவது இந்த இடம்தான். மலையிலேயே தீட்டும் இயந்திரம் இருந்து, அதை நடத்துவது மகளிர் குழுவாகவோ உற்பத்தியாளர் குழுவாகவோ இருந்தால் கதை மாறும். அப்படிப்பட்ட முயற்சிகள் அங்கே நடக்கின்றன, ஒன்றைப் போய்ப் பார்ப்போம். சிறுதானியத்தின் மகிமை பற்றி அந்த ஊர்ப் பெண்களுக்கு வகுப்பு எடுக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் தயவுசெய்து மேலே வராதீர்கள்.

எங்களுக்கு அங்கே அன்றாடம் என்ன வேலை?

காலையில் எழுந்து தங்கும் இடத்தைப் பெருக்கி, தண்ணீர் எடுத்து, சமையலுக்கு உதவி. பிறகு ஐந்தைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து வீடுகளுக்குப் போவோம். வெயில் ஏறுவதற்குள் ஆட்கள் காட்டுக்கும் வேலைக்கும் போய்விடுவார்கள், ஆகவே சீக்கிரம் கிளம்ப வேண்டும். ஒரு குழு பள்ளியில் காலை உணவு, மதிய உணவு நேரத்தில் இருக்கும். ஒரு குழு அங்கன்வாடியில். ஒரு குழு ரேஷன் கடை வாசலில், அங்கே வரிசையில் நிற்பவர்களோடு பேசினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மாலையில் எல்லாரும் கூடி அன்றைக்குக் கண்டதை எழுதுவோம். நான்காம் நாளிலிருந்து விண்ணப்பம் எழுதும் வேலை: பெயர் சேர்த்தல், முகவரி மாற்றம், புது அட்டை, முன்னுரிமை வகைக்கு மாற்றக் கோரி வட்ட வழங்கல் அலுவலருக்கு மனு, கைரேகை விழாத முதியவர்களுக்குப் பதிலாக வேறொருவர் பொருள் வாங்குவதற்கான படிவம். கடைசி இரண்டு நாளில் இணையத்தில் ஏற்ற வேண்டியவற்றை ஜமுனாமரத்தூர் இ-சேவை மையத்தில் ஏற்றுவோம்.

மரக்கன்று நடுவது, கோயில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, பதாகையோடு ஊர்வலம் இவையெல்லாம் இந்த முறை இல்லை.

வீடு வீடாகப் போய் என்ன கேட்க வேண்டும்? என்ன கேட்கக்கூடாது?

கேள்வித்தாள் தருவோம். அட்டை இருக்கிறதா, என்ன வகை, வீட்டில் எத்தனை பேர், அட்டையில் எத்தனை பெயர், போன மாதம் என்னென்ன வாங்கினீர்கள், எத்தனை முறை நடந்தீர்கள், கைபேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறதா. கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். பொருள் வாங்காமலேயே வாங்கியதாகச் செய்தி வந்ததா என்பது அதில்தான் தெரியவரும். நிறைய அட்டைகளில் பதிந்திருப்பது எப்போதோ தொலைந்துபோன எண். செய்தி யாருக்கோ போய்க்கொண்டிருக்கும்.

"நேத்து சாப்பிட்டீங்களா?" என்று எந்த வீட்டிலும் கேட்காதீர்கள். பசியை ஒப்புக்கொள்ளச் சொல்வது போல ஆகிவிடும். "நேத்து என்ன சமைச்சீங்க, ஆயா?" என்றால் அவரே பேச ஆரம்பித்துவிடுவார். வருமானம் எவ்வளவு, சாதி என்ன, குடிக்கிறாரா என்பவை வேண்டாம். ஆதார் எண்ணை எழுதிக்கொள்ளக் கூடாது, அட்டையைப் படம் எடுக்கவும் கூடாது. விண்ணப்பம் எழுதுகிறபோது அவர்கள் எதிரிலேயே பார்த்து எழுதி, தாளை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். பேச விருப்பமில்லை என்று சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த வீடு.

ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலக்கிறார்கள் என்று ஊரில் கேட்டால் என்ன சொல்வது?

கட்டாயம் கேட்பார்கள். அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவில் செய்த மணிகளை நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் கலக்கிறார்கள். நிறம் கொஞ்சம் வேறுபடும், களையும்போது சில மணி மிதக்கும். அதைப் பார்த்துப் பயந்து பொறுக்கி எறிகிறார்கள், எதைச் சேர்க்க அரசு செலவு செய்ததோ அதுவே குப்பைக்குப் போகிறது. விளக்கிச் சொல்லுங்கள், ஆனால் சிரிக்காதீர்கள். தனக்குக் கொடுக்கும் உணவில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்பது அவர்கள் உரிமை. கலப்பதற்கு முன்பே யாராவது வந்து சொல்லியிருக்க வேண்டும்.

ரேஷன் கடையில் தப்பு நடப்பதைக் கண்டால் வீடியோ எடுத்துப் போடலாமா?

வேண்டாம். தேதி, நேரம், பொருள், அளவு என்று குறித்து வைத்து என்னிடம் கொடுங்கள். 1967 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லலாம், கட்டணம் கிடையாது. வட்ட அளவில் இரண்டாம் சனிக்கிழமைகளில் பொது விநியோகக் குறைதீர் முகாம் நடக்கும். மாவட்ட அதிகாரிகள், மாநில உணவு ஆணையம் என்று மேலேயும் வழி இருக்கிறது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியது ஊர்க்காரர்கள். நாம் ஏழாம் நாள் பேருந்து ஏறிவிடுவோம். அடுத்த மாதம் அதே கடைக்காரர் முன்னால் போய் நிற்கப்போவது அவர்கள்தான்.

விற்பனையாளர் பக்கத்தையும் கேட்டு எழுதுங்கள். கிடங்கிலிருந்து வரும் மூட்டையே எடை குறைவாக இருக்கிறது, அதை நான் எங்கே போய் ஈடுகட்டுவது என்பது மாநிலம் முழுக்கக் கடைக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லும் குறை. மலைக்கடைகளில் சிக்னல் இல்லாமல் கைரேகைக் கருவி நின்றுபோகும். வரிசையில் நிற்பவர்கள் திட்டுவது அவரைத்தான். அவர் நல்லவரா கெட்டவரா என்று தீர்ப்பு எழுத நாம் போகவில்லை.

முகாமில் சமையல் யார்? சைவம் உண்டா?

நாமேதான், முறைவைத்து. உள்ளூர் அக்கா ஒருவர் கூலிக்கு வந்து மேற்பார்வை செய்வார். இரண்டு வேளை சைவம், ஒரு வேளை முட்டை. ஒரு நாள் மட்டும் கோழி, அதையும் சாப்பிடாதவர்களுக்குத் தனிக் குழம்பு உண்டு. பள்ளியில் தங்குகிறோம் என்பதற்காகச் சத்துணவுக் கூடத்துப் பொருளில் யாரும் கை வைக்கக் கூடாது, ஒரு சிட்டிகை உப்புகூட.

ஆணும் பெண்ணும் வெங்காயம் உரிப்பார்கள், ஆணும் பெண்ணும் பாத்திரம் தேய்ப்பார்கள். எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். "எங்க வீட்ல வேற யார் சமைச்சாலும் சாப்பிட மாட்டோம்" என்று ஒரு பெற்றோர் தயங்கித் தயங்கிச் சொன்னார். என்ன சொல்ல வருகிறார் என்பது புரிந்தது. அப்படியானால் இந்த முகாம் உங்கள் பிள்ளைக்கு ஒத்துவராது என்றேன்.

இதை நான் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2018-ல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பட்டியலினப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரில் சிலர் தகராறு செய்து, அவரை இடம் மாற்றும் அளவுக்குப் போய், பிறகு எதிர்ப்புக் கிளம்பி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. பள்ளிப் பிள்ளைகள் சாதி பார்க்காமல் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவதும் மதிய உணவின் நோக்கங்களில் ஒன்று. அந்த வரிசையைக் கலைக்கப் பார்த்தவர்கள் பெரியவர்கள்தான்.

ஊரில் யாராவது சாப்பிடக் கூப்பிட்டால்?

உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஐந்து பேராகப் போய் உட்கார்ந்து அவர்கள் உலையைக் காலி செய்துவிடாதீர்கள், அவ்வளவுதான். கஞ்சியோ களியோ காபியோ, கொடுத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு நன்றாயிருந்தது என்று சொல்லுங்கள். காசு கொடுக்க முயல வேண்டாம், சங்கடப்படுவார்கள்.

பழைய துணி, பிஸ்கட், மளிகைப் பை எல்லாம் திரட்டி எடுத்து வரலாமா? ஏழு நாளும் சும்மா கேள்வி கேட்டுவிட்டு வெறுங்கையோடு வருவது நன்றாயிருக்காதே?

நல்ல மனசோடுதான் கேட்கிறீர்கள். ஆனாலும் வேண்டாம். ஒரு தடவை பை கொடுத்துவிட்டால் அதற்கப்புறம் எந்த வீட்டிலும் உண்மையான பதில் வராது. யாருக்குப் பை கிடைக்கும் என்பதை வைத்தே பதில் வரும். கொடுக்கும்போது படம் எடுக்காமல் இருக்க மாட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்து சாப்பிடுவதைப் படம் எடுக்கவே கூடாது. நீங்கள் சாப்பிடும்போது யாரோ வெளியூர் ஆள் வந்து படம் எடுத்தால் எப்படி இருக்கும்?

இது அரசியல் இல்லையா? அரசாங்கத்தைக் குறை சொல்வது போல் ஆகிவிடாதா?

உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே சமூகத் தணிக்கை என்று ஒரு பிரிவு இருக்கிறது. திட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று மக்களே அவ்வப்போது பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கல்லூரி முதல்வர், பல்கலைக்கழக என்.எஸ்.எஸ். ஒருங்கிணைப்பாளர், ஊராட்சி, பள்ளித் தலைமையாசிரியர் எல்லாரிடமும் எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறோம். கட்சிக் கொடி, துண்டு, ஸ்டிக்கர் எதுவும் யாரும் கொண்டு வரக்கூடாது. எந்த ஆட்சியில் எந்தத் திட்டம் வந்தது என்று ஊரில் வாக்குவாதம் செய்வதும் வேண்டாம், அதை ராத்திரி முகாமில் வைத்துக்கொள்ளலாம். நடக்கத்தான் செய்யும்.

ஏழு நாளில் என்ன மாறிவிடும்?

பெரிதாக ஒன்றும் மாறாது. சில அட்டைகளில் பெயர் ஏறும். சில முதியவர்களுக்குப் பதிலாகப் பேத்தி போய்ப் பொருள் வாங்க முடியும். முன்னுரிமை வகைக்கு மாற்றக் கேட்ட மனுக்கள் பலவும் உடனே தீராது, பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் முகாம் முடிந்த பிறகும் ஒவ்வொரு குழுவிலிருந்தும் இருவர் மாதம் ஒருமுறை தொலைபேசியில் கேட்டுத் தொடர வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கிறோம். அதற்குச் சம்மதிக்காத குழுவை அழைத்துப் போவதில்லை. நாம் எடுத்த கணக்கை ஊராட்சிக்கும் ஒரு பிரதி கொடுப்போம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15 உட்பட ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஊர்க்காரர்கள் வேண்டுமானால் அங்கே எடுத்து வைக்கட்டும்.

மகளை அனுப்பப் பயமாக இருக்கிறது. தங்குமிடம், பாதுகாப்பு எப்படி?

பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள தனி வகுப்பறைக் கட்டடம், பக்கத்திலேயே கழிப்பறை. பேராசிரியைகள் இருவர் அவர்களோடேயே தங்குவார்கள். இருட்டிய பிறகு யாரும் வளாகத்தை விட்டு வெளியே போக முடியாது, இது ஆண்களுக்கும்தான். ஊரில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. ஆகவே மகள் போனை எடுக்கவில்லை என்றால் பதற வேண்டாம், ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்குள் அவர்களே அழைப்பார்கள். மாதவிடாய் நாள் என்றால் நடை அதிகம் இல்லாத வேலை மாற்றித் தருவோம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஜமுனாமரத்தூரில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, முகாமில் ஒரு வண்டி எந்நேரமும் நிற்கும்.

சான்றிதழ், வருகைப் பதிவு?

இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணியும் ஒரு சிறப்பு முகாமும் முடித்தால் என்.எஸ்.எஸ். சான்றிதழ். முகாம் நாட்களுக்கு வருகைப் பதிவு உண்டு. சான்றிதழுக்கு மட்டும் வருகிறவர்களுக்கும் இடம் உண்டு, வந்த பிறகு மனம் மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என்ன எடுத்து வர வேண்டும்? பணம் எவ்வளவு?

போர்வை, ஸ்வெட்டர் கட்டாயம், மலையில் ராத்திரி நன்றாகவே குளிரும். நடக்கிற செருப்பு அல்லது ஷூ, தட்டு, டம்ளர், டார்ச், கொசுவர்த்தி, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை. நகை வேண்டாம். உங்கள் வீட்டு ரேஷன் அட்டையின் நகல் ஒன்று எடுத்து வாருங்கள். முதல் நாள் பயிற்சியே அதை வைத்துத்தான், பாதிப் பேருக்கு வீட்டு அட்டை என்ன வகை என்றே தெரிவதில்லை. கட்டணம் கிடையாது. பெற்றோர் கையெழுத்திட்ட படிவத்தை, இரத்த வகையும் ஒவ்வாமை விவரமும் எழுதி, துறை அலுவலகத்தில் கொடுத்தால் போதும். ஐம்பது பேருக்குத்தான் இடம். முதலாம் ஆண்டு மாணவர்களுக்கும் பாதி இடம் ஒதுக்கியிருக்கிறோம்.